சூத்திரத்துக்கு முன்னால் ஐந்து கேள்விகள்

பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' பாடத்தை முடித்த மறுநாள். சிறுதேர்வில் நியூட்டனின் மூன்று விதிகளையும் மாணவர்கள் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். 'விசை = நிறை × முடுக்கம்' என்பதைக் கொண்டு செய்யும் கணக்குகளையும் பெரும்பாலோர் சரியாகவே செய்திருந்தார்கள். மனநிறைவோடு அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். திறந்தவன், என்ன தோன்றியதோ, கையிலிருந்த சாக்பீஸை மேலே எறிந்து பிடித்தேன்.

"இது என் கையை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கும்போது இதன் மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன?"

"ரெண்டு விசை சார். நீங்க எறிஞ்ச விசை மேல இருக்கு. புவியீர்ப்பு விசை கீழ இழுக்குது."

"உச்சியில்?"

"ரெண்டும் சமமா ஆயிடும் சார். அதனாலதான் நிக்குது."

"கீழே வரும்போது?"

"நீங்க எறிஞ்ச விசை தீர்ந்துபோயிடுச்சு சார். புவியீர்ப்பு மட்டும்தான்."

வகுப்பே தலையாட்டியது. முதல் வரிசையில் இருந்தவர்கள் இன்னும் உறுதியாகவே தலையாட்டினார்கள். முதல் இரண்டு விடைகளும் தவறு. மூன்றாவதில் முடிவு சரி, காரணம் தவறு. கையை விட்டு நீங்கிய கணத்திலிருந்து மீண்டும் கைக்கு வரும்வரை, மேலே செல்லும்போதும் உச்சியிலும் கீழே வரும்போதும், சாக்பீஸின் மேல் செயல்படுவது புவியீர்ப்பு விசை ஒன்றுதான். காற்றின் சிறு தடையை இங்கே கணக்கில் கொள்ளவில்லை. கையின் விசை கையோடு நின்றுவிட்டது. அது சாக்பீஸுக்குள் ஏறிப் பயணம் செய்யவில்லை.

இதே மாணவர்கள்தான் முந்தைய நாள் விசைக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். அப்படியானால் அந்த மதிப்பெண் எதை அளந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவியின் நினைவு அப்போது வந்தது. பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவள். ஆர்வத்தோடு பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். இரண்டு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாள். பள்ளி வளாகத்தில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். "பத்தாவதுல எந்த சூத்திரம் போடணும்னு கணக்கைப் பாத்ததும் தெரியும் சார். இங்க தெரியல" என்றாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் குறை எங்கே என்பது எனக்குப் புரிந்தது. கணக்கில் உள்ள எண்களைப் பார்த்து அவற்றுக்குப் பொருந்தும் சூத்திரத்தைத் தேடி எடுக்கத்தான் அவளுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன். இயற்பியல் அதற்கு முன்பே தொடங்குகிறது.

அதன்பின் என் வகுப்பில் நான் செய்துபார்த்த ஒரு மாற்றத்தையும், அதற்குப் பயன்படும் சில கணக்குகளையும் இங்கே பகிர்கிறேன்.

மாணவரின் தவறுக்கு ஈராயிரம் ஆண்டு வயது

முதலில் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சாக்பீஸ் பற்றி மாணவர்கள் சொன்னது கவனக்குறைவால் வந்த விடை அன்று. அது ஒரு கொள்கை. 'ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால் அதை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்' என்பது அரிஸ்டாட்டில் சொன்னது. அப்படியானால் கையை விட்ட கல்லை எது தள்ளுகிறது என்ற சிக்கல் எழுந்தது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஃபிலோபோனஸும், பதினான்காம் நூற்றாண்டில் பாரீசில் இருந்த புரிடானும், எறிபவர் கல்லுக்குள் ஒருவகை உந்துதலை ஏற்றிவிடுகிறார் என்று விளக்கினார்கள். நம் மாணவர் சொல்லும் 'எறிஞ்ச விசை' ஏறக்குறைய இதுதான். 1638-இல் கலீலியோவின் நூலும், 1687-இல் நியூட்டனின் 'பிரின்சிபியா'வும் வெளிவந்த பிறகே இந்த எண்ணம் அறிவியலிலிருந்து விலகியது. அறிஞர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்த ஒன்றை நாம் இரண்டு வாரப் பாடவேளையில் கடக்கச் சொல்கிறோம்.

மாணவரின் அன்றாட அனுபவமும் அந்தப் பழைய கொள்கையின் பக்கமே நிற்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் மிதிவண்டி நின்றுவிடுகிறது. மாடு இழுப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது. நிறுத்துவது உராய்வு என்னும் இன்னொரு விசை. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இது நம் ஊர் மாணவரிடம் மட்டும் உள்ள சிக்கலும் அன்று. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்னும் ஆய்வாளர், மேலே சுண்டிய நாணயத்தின் மேல் செயல்படும் விசைகளை வரையுமாறு பொறியியல் மாணவர்களிடம் கேட்டார். அவர்களில் பெரும்பாலோர் மேல்நோக்கிய விசை ஒன்றையும் சேர்த்தே வரைந்தார்கள். இயக்கவியல் பாடத்தை முடித்த பிறகும் பலர் அப்படியே வரைந்தார்கள். 1982-இல் வெளிவந்த ஆய்வு இது. நம் வகுப்பில் இந்தத் தவறு வந்தால் நம்மையோ மாணவரையோ நொந்துகொள்ளத் தேவையில்லை. அது வரும் என்று எதிர்பார்த்துப் பாடத்தைத் திட்டமிடுவதே தேவை.

சொற்களும் வழுக்கும்

நாம் பயன்படுத்தும் கலைச்சொற்கள் நல்ல தமிழ்ச் சொற்கள். அதுவே ஒரு வசதி. அதுவே ஒரு வழுக்கலும்கூட. 'விசையா நட' என்று வீட்டில் சொன்னால் வேகமாக நட என்று பொருள். வேகமாகப் போகும் பந்தில் 'விசை' இருக்கிறது என்று மாணவர் சொல்வதில் அந்தப் பேச்சு வழக்கு ஒலிக்கிறது. கடையில் 'எடை 5 கிலோ' என்கிறோம். வகுப்பில் கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகு நியூட்டன் என்கிறோம். தலையில் சுமையோடு பேருந்துக்காக அரை மணி நேரம் அசையாமல் நின்றவர் வேலையே செய்யவில்லை என்கிறது நம் பாடம். மாணவருக்கு இது விளையாட்டாகத்தான் படும்.

அதனால் 'வீட்டுப் பொருள், வகுப்புப் பொருள்' என்று இரண்டு பத்தி கொண்ட பட்டியல் ஒன்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். விசை, எடை, வேலை, திறன், வேகம் என்று ஒவ்வொரு சொல்லும் பாடத்தில் வரும்போது மாணவர்களே அதில் எழுதிச் சேர்க்கிறார்கள். வீட்டுப் பொருளைத் தவறு என்று சொல்வதில்லை. இடம் வேறு, பொருள் வேறு என்று மட்டும் சொல்கிறோம்.

விசை என்ற சொல்லுக்கு ஒரு தனி விதியும் வைத்திருக்கிறோம்: 'ஒவ்வொரு விசைக்கும் அதைத் தருபவர் ஒருவர் இருக்க வேண்டும்.' விசையின் பெயரைச் சொன்னால் போதாது. எந்தப் பொருள் அந்த விசையைத் தருகிறது என்றும் சொல்ல வேண்டும். தருபவர் பெரும்பாலும் அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாமலே தருபவர்களில் இந்தப் பாடத்தில் நமக்கு வேண்டியவர் புவி ஒருவரே. இந்த விதியோடு சாக்பீஸுக்குத் திரும்பினால், 'எறிஞ்ச விசை'யை இப்போது யார் தருகிறார்? கை தொடவில்லை. காற்றைத் தவிர வேறெதுவும் தொடவில்லை. தருபவர் இல்லாத விசை பட்டியலில் இடம்பெற முடியாது. என் விளக்கங்களைவிட இந்த ஒற்றை விதிதான் வகுப்பில் அதிகம் வேலை செய்தது.

ஐந்து கேள்விகள்

எந்தக் கணக்கானாலும் சூத்திரத்தை எழுதுவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் வழக்கம்.

1. என்ன நடக்கிறது? கணக்கில் உள்ள எண்களைச் சொல்லாமல், நடப்பதைச் சொந்தச் சொற்களில் சொல்லி ஒரு சிறு படம் வரைய வேண்டும்.

2. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்? ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும்.

3. அந்தப் பொருளின் மேல் யார் யார் விசை தருகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் ஓர் அம்புக்குறி.

4. திசைவேகம் எந்தத் திசையில் இருக்கிறது? அது கூடுகிறதா, குறைகிறதா, மாறாமல் இருக்கிறதா? முடுக்கத்தின் திசை இதிலிருந்து கிடைக்கும்.

5. விடை ஏறத்தாழ எப்படி இருக்கும்? எதைவிடப் பெரிது, எதைவிடச் சிறிது என்று ஓர் ஊகம்.

இதற்குப் பிறகுதான் சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை. முடிவில், கிடைத்த விடையை ஐந்தாம் கேள்வியின் ஊகத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று கணக்கில் பிழை, அல்லது ஊகத்தில் பிழை. இரண்டுமே பேசத்தக்கவை.

இனி மூன்று கணக்குகளில் இதைப் பார்ப்போம்.

முதல் கணக்கு: மேலே எறிந்த பந்து

'ஒரு பந்து 19.6 மீ/வி திசைவேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது. அது அடையும் உயரம் என்ன? உச்சியில் அதன் முடுக்கம் என்ன?'

பொருள் பந்து. கையை விட்ட பின் விசை தருபவர் புவி மட்டுமே, அம்பு கீழ்நோக்கி. ஒரே விசை, எப்போதும் ஒரே அளவு. எனவே முடுக்கமும் எப்போதும் 9.8 மீ/வி², கீழ்நோக்கி.

இங்கே சூத்திரத்தை உடனே எடுக்காமல், நொடிக்கு நொடி திசைவேகத்தை மாணவர்களையே சொல்லவைக்கலாம். ஒவ்வொரு நொடியும் 9.8 கழியும். தொடக்கத்தில் 19.6, ஒரு நொடி முடிவில் 9.8, இரண்டாம் நொடி முடிவில் 0, மூன்றாம் நொடி முடிவில் –9.8, நான்காம் நொடி முடிவில் –19.6. குறைக்குறி கீழ்நோக்கிய திசையைக் காட்டுகிறது. பந்து போன வேகத்திலேயே கைக்குத் திரும்புகிறது. இந்த ஐந்து எண்களைக் கரும்பலகையில் எழுதியதுமே வகுப்பில் ஒரு சலசலப்பு எழும்.

உச்சிக்குச் செல்ல 2 நொடி. அந்த நேரத்தின் சராசரி வேகம், 19.6-க்கும் 0-க்கும் நடுவில், 9.8 மீ/வி. எனவே உயரம் 9.8 × 2 = 19.6 மீட்டர், ஏறத்தாழ ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். சூத்திரத்திலும் இதே விடை வருவதை அதன்பின் காட்டலாம்.

'உச்சியில் முடுக்கம் சுழி' என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இது: "உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் அடுத்த நொடியில் பந்தின் திசைவேகம் என்ன?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுழிதான் சார்... அப்ப பந்து அங்கேயே நிக்கணுமே!" என்று அவர்களே சொல்வார்கள். திசைவேகம் சுழியாவது வேறு, திசைவேகம் மாறுவது நிற்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் சொல்லிக் கேட்பதைவிட, அந்தரத்தில் நிற்கும் பந்தைக் கற்பனையில் அவர்களே கண்டு பிடிப்பது நிலைக்கும்.

இரண்டாம் கணக்கு: கிணற்று வாளி

மின்தூக்கியில் நிற்பவரின் தோற்ற எடை மாணவர்களுக்குக் கடினமான பகுதி. மின்தூக்கியில் ஏறியே பார்க்காத பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. கிணற்றில் நீர் இறைப்பதைப் பார்த்தவர்கள் நிறைய. இயற்பியல் இரண்டிலும் ஒன்றுதான்.

'நீரோடு சேர்த்து 10 கி.கி நிறையுள்ள வாளியை மேலே இழுக்கிறோம். கயிறு வாளியை எவ்வளவு விசையோடு இழுக்கிறது?'

பொருள் வாளி. விசை தருபவர்கள் இருவர்: கயிறு மேல்நோக்கி, புவி கீழ்நோக்கி. புவி தருவது 10 × 9.8 = 98 நியூட்டன். நான்காம் கேள்விதான் இங்கே முக்கியம்; ஏனென்றால் விடை அதைப் பொறுத்தே மாறும்.

வாளி சீரான வேகத்தில் மேலே வந்தால் திசைவேகத்தில் மாற்றம் இல்லை. கயிற்றின் விசை சரியாக 98 நியூட்டன். வாளி மேலே வருகிறது, ஆகவே கயிற்றின் விசை கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள்.

இழுக்கத் தொடங்கும்போது வாளியின் வேகம் நொடிக்கு 1 மீ/வி வீதம் கூடுகிறது என்று கொள்வோம். முடுக்கம் மேல்நோக்கி 1 மீ/வி². தொகுபயன் விசை 10 × 1 = 10 நியூட்டன், மேல்நோக்கி. எனவே கயிற்றின் விசை 98 + 10 = 108 நியூட்டன்.

கிணற்று விளிம்பருகே வந்ததும் வாளியின் வேகத்தை அதே வீதத்தில் குறைக்கிறோம். வாளி இன்னும் மேலேதான் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் முடுக்கம் கீழ்நோக்கி. கயிற்றின் விசை 98 – 10 = 88 நியூட்டன்.

அடுத்தது இன்னும் சுவையானது. காலி வாளியை விடாமல் அதே 10 கி.கி வாளியைக் கீழே இறக்கி, நடுவில் அதே வீதத்தில் வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறோம். இயக்கம் கீழ்நோக்கி, முடுக்கம் மேல்நோக்கி. கயிற்றின் விசை மீண்டும் 108 நியூட்டன். 'மேலே போனால் கூட்டு, கீழே போனால் கழி' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். கூட்டுவதா கழிப்பதா என்பதை முடிவு செய்வது இயக்கத்தின் திசை அன்று, முடுக்கத்தின் திசை.

ஆய்வகத்தில் சுருள்வில் தராசு இருந்தால் இதைக் கண்ணால் காட்டிவிடலாம். அரை கிலோ கல்லைத் தராசில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 5 நியூட்டன் காட்டும். சட்டென்று மேலே தூக்கினால் குறிமுள் 5-ஐத் தாண்டிப் போகும். நிதானமாக, சீராக உயர்த்தும்போது 5-க்குத் திரும்பும். உயர்த்துவதை நிறுத்தும் கணத்தில் 5-க்குக் கீழே இறங்கி மீளும். என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் மாணவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த பிறகே செய்து காட்டுகிறேன். பழைய கயிறு ஏன் சீராக இழுக்கும்போது தாங்கி, வெடுக்கென்று இழுக்கும்போது அறுகிறது என்று கேட்டால், அந்த வகுப்பில் விடை சொல்லாதவர் இருக்க மாட்டார்.

மூன்றாம் கணக்கு: பள்ளி வாசலில் ஒரு பேருந்து

'மணிக்கு 72 கி.மீ வேகத்தில் வரும் பேருந்து 4 மீ/வி² எதிர் முடுக்கத்தில் நிற்கிறது. அது எவ்வளவு தூரம் சென்று நிற்கும்? மணிக்கு 36 கி.மீ வேகத்தில் வந்திருந்தால்?'

முதலில் அலகு. 5/18-ஆல் பெருக்க வேண்டும் என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சில நேரம் 18/5 என்றும் சொல்வார்கள். 3600 நொடியில் 18,000 மீட்டர் என்றால் ஒரு நொடியில் 5 மீட்டர். மணிக்கு 18 கி.மீ என்பது நொடிக்கு 5 மீட்டர் என்ற ஒரு இணையை மட்டும் நினைவில் வைத்தால் 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20 என்று வரிசையாகச் சொல்லிவிடலாம்.

ஐந்தாம் கேள்வியை இங்கே தவறவிடக் கூடாது: வேகம் பாதியானால் நிற்கும் தூரம் எவ்வளவு ஆகும்? 'பாதி' என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதுவார்கள். எழுதட்டும்.

20 மீ/வி வேகம், நொடிக்கு 4 குறைகிறது. நிற்க 5 நொடி. சராசரி வேகம் 10 மீ/வி. தூரம் 50 மீட்டர். 10 மீ/வி என்றால் நிற்க 2.5 நொடி; சராசரி வேகம் 5 மீ/வி; தூரம் 12.5 மீட்டர். பாதி அன்று, கால்பங்கு. நேரமும் பாதியாகிறது, சராசரி வேகமும் பாதியாகிறது. பாதியில் பாதி கால். இயக்கச் சமன்பாட்டில் திசைவேகத்தின் வர்க்கம் வருவதன் பொருள் இதுதான் என்று இப்போது சொன்னால் அந்த வர்க்கம் வெறும் குறியாக இருக்காது.

ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, காலை வைத்து அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால் அந்த நேரத்தில் பேருந்து வேகம் குறையாமலே செல்லும். முதல் நிலையில் கூடுதலாக 20 மீட்டர், இரண்டாவதில் 10 மீட்டர். ஆக மொத்தம் 70 மீட்டரும் 22.5 மீட்டரும்.

கணக்கை முடித்துவிட்டு மாணவர்களை அளவு நாடாவோடு விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். 70 மீட்டரை அளந்து ஒரு முனையில் ஒருவரையும் மறுமுனையில் ஒருவரையும் நிறுத்துங்கள். "அவ்வளவு தூரத்தில் பேருந்தைப் பார்த்தால் சாலையைக் கடப்பாயா?" என்று கேளுங்கள். 'கடந்துவிடலாம்' என்று தினமும் நினைக்கும் தூரம் அது. பள்ளி அருகே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை எதற்காக நிற்கிறது என்பதை இந்தக் கணக்கைச் செய்த பிள்ளைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் நடத்தும் முறை

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990 வாக்கில் தம் மாணவர்களுக்கு அன்றாடச் சொற்களில் அமைந்த எளிய விசை வினாக்களைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கும்படி எழுதுவதா என்று கேட்டாராம். நம் வகுப்பிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் ஆளில்லை. அதன்பின் மசூர் தம் வகுப்பில் மாணவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்துக் கற்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் செய்யலாம்.

சூத்திரம் தேவைப்படாத ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதி மூன்று விடைகளைத் தருகிறேன். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், மார்புக்கு அருகே வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என விரல் காட்ட வேண்டும். அடுத்தவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. சரியான விடை எது என்று நான் சொல்வதில்லை, முகத்திலும் காட்டிக்கொள்வதில்லை. வேறு விரல் காட்டிய ஒருவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறேன். பிறகு மீண்டும் விரல். இரண்டாம் முறை சரியான விடை கூடுவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். தவறான விடை சொன்னவரைக் கேலி செய்ய யாரையும் அனுமதிக்கக் கூடாது. சாக்பீஸ் கேள்விக்கு 'ரெண்டு விசை' என்று துணிந்து சொன்னவன்தான் அன்று வகுப்புக்கு உதவியவன். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் மற்ற எல்லோரும் அதையே மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்கு வந்திருப்பார்கள்.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று நானும் கேட்டவன்தான். ஒரு பாடவேளையில் ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் போட்டு, அவர்கள் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக, இரண்டு கணக்குகளை இப்படிச் செய்கிறேன். மீதி மூன்று வீட்டுப்பாடம். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஐந்து கேள்விகளுக்கான படமும் அம்புகளும், வலப்பக்கம் தேர்வில் எழுத வேண்டிய சூத்திரமும் பிரதியிடலும் அலகும். தேர்வுத்தாளில் மதிப்பெண் வலப்பக்கத்துக்குத்தான். அந்த வலப்பக்கம் தடுமாறாமல் வருவது இடப்பக்கத்தால். தொடக்கத்தில் மெதுவாகத்தான் நகரும். மூன்றாம் வாரத்தில் அவர்கள் ஐந்து கேள்விகளையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

நாளை வகுப்பில் கேட்க ஐந்து வினாக்கள்

1. நேரான, சமதளமான சாலையில் மாறாத வேகத்தில் செல்லும் பேருந்தின் மேல் தொகுபயன் விசை எவ்வளவு? சுழி. முன்னோக்கித் தள்ளும் விசையும் காற்றும் உராய்வும் தரும் எதிர்விசையும் சமன் செய்துகொள்கின்றன.

2. மாறாத வேகத்தில் நேராகச் செல்லும் ரயிலுக்குள் உட்கார்ந்து நாணயத்தை மேலே சுண்டினால் எங்கே விழும்? கைக்கே வரும். நாணயத்துக்கும் ரயிலின் வேகம் முன்பே இருக்கிறது. நாணயம் மேலே இருக்கும்போது ரயில் வேகம் குறைந்தால் கைக்கு முன்னால் விழும்.

3. லாரியும் மிதிவண்டியும் மோதினால் எதன் மேல் அதிக விசை? இரண்டின் மேலும் சமமான விசை. நிறை குறைந்த மிதிவண்டியின் முடுக்கம் மிக அதிகம். அதனால் பாதிப்பு அதற்கே பெரிது.

4. மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை அதற்கு மேல்நோக்கித் தரும் விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் இணையா? இல்லை. இரண்டும் ஒரே பொருளின் மேல், புத்தகத்தின் மேல், செயல்படுகின்றன. புவி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் புவியை இழுப்பது.

5. சுத்தியலையும் இறகையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டால்? இங்கே சுத்தியல் முந்தும். காற்றுத் தடையே காரணம். காற்றில்லாத நிலவில் 1971-இல் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் இதைச் செய்து காட்டினார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இவற்றைக் கேட்கும் முன் நாம் ஒவ்வொருவரும் தனியே ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. நான்காம் வினாவில் நானே பல ஆண்டுகள் தவறாகச் சொல்லிவந்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்த ஆண்டு பாடத்தின் கடைசி நாளில் மீண்டும் சாக்பீஸை மேலே எறிந்தேன். அதே கேள்வி. பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், நீங்க எறிஞ்ச விசைய இப்ப யார் தர்றாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். சாக்பீஸ் கைக்கு வந்து சேர்ந்தது. இனி அடுத்த பாடத்தைத் தொடங்கலாம் என்று தோன்றியது.